றோசா வாய் திறக்கவில்லை

பேசாலையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சூசைதாசன் சம்மாட்டியாருக்கு ஒன்பது பிள்ளைகள். ஏழாவது பேர்சி. மூத்த தமக்கை புனிதம் கட்டியது வங்காலை மனிதரை. அந்த மனிதரின் தம்பிதான் முதலில் சுவிசுக்கு வந்து, டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவர். அவர் பிடித்துக் கொடுத்த வேலையில்தான் பேர்சியும் போய் நின்றான். அங்கே ஒரு தலைமைச் சமையற்காரன் இருந்தான். கழுவின தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் முழு அடுக்கும் திரும்பத் தண்ணீருக்குள் போகும். பேர்சி கழுவினது ஒருநாளும் திரும்பி வரவில்லை. பிறகு சமையலுக்குள் ஏற்றினார்கள். இப்போது சோலோதுர்னில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. அவன் கையால் போன சாப்பாட்டை நோயாளிகூட வேண்டாம் என்று தள்ளியதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பெண்சாதி பெர்னடெற், இளவாலையாள். அவளுடைய தமக்கை றோஸ் முன்பே சோலோதுர்னில் இருந்தபடியால் இவர்களும் அங்கேயே வீடு எடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு. மகன் றெக்சன் பேர்ணில், மகள் றோஷினி கலியாணம் முடித்து ஓர்லிகோனில். பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர் கீழ்வீட்டுச் சுவிசுக்காரர் சுட்டர். ரயில் பாதை வேலையில் இருந்து ஓய்ந்தவர், மனைவி இல்லாதவர், பிள்ளைகளும் இல்லை. பாணுக்குச் சீஸ் வைத்துக் கொடுத்து, வீட்டுப்பாடம் செய்ய வைத்து, மழையென்றால் தலை துடைத்து விடுவார். முறை வைத்துப் பார்த்தால் றெக்சனுக்கும் றோஷினிக்கும் அவர் அப்பப்பா என்றுதான் சொல்ல வேண்டும்; அதுகள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஓபா என்று கூப்பிட்டன. பேசாலைச் சம்மாட்டியாரை அதுகள் படத்தில் மட்டும் கண்டவை.

சுட்டரிடம் ஒரு பாம்பு இருந்தது. செம்மஞ்சள் நிறத்தில் சிவப்புத் திட்டுகளோடு, கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. விஷமில்லாத சாதி. சோளப்பாம்பு என்பார்கள். பெயர் றோசா. இந்தப் புதுவருடத்துக்குப் பிறகு கிழவருக்கு இடுப்பு விட்டுப்போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. பூனை, நாயே கூடாத இடம், பாம்புக்கு எங்கே? கிழவர் கேட்காமலே பேர்சி சொன்னான், தான் வைத்துக்கொள்கிறேன் என்று.

சுட்டர் ஒரேயொரு சொல் வாங்கிக்கொண்டார். "சாப்பிடாமல் விட்டால் எனக்கு உடனே சொல்லு. ஊருற பிராணியளுக்கு ஒரு காப்பகம் இருக்கு, அவையிட்டைக் கொடுக்கலாம். பட்டினியாலை மட்டும் சாக விடாதை."

"ஓம்," என்றான் பேர்சி.

பெர்னடெற்றும் தன் பங்குக்கு ஒரு சொல் வைத்தாள். "பாம்பு இருக்கட்டும். ஓடுற எலி என்ர வீட்டுக்குள்ள வரக்கூடாது. நான் பாம்பின்ர முகத்திலயும் முழிக்க மாட்டன். அக்காவின்ர பேரைக் கொண்டுபோய்ப் பாம்புக்கு வைச்ச மனிசன்!"

"அவருக்கு உங்கட அக்காவைத் தெரியுமோ? பாம்புக்கு இருபது வயசாகுது."

"அக்காவுக்கு அறுபது. ஆர் முந்தி?"

சுட்டர் நிலவறையில் எலி வளர்த்து, அப்போதே கொன்று, சூடாகக் கொடுத்துப் பழக்கியவர். உயிரோடு போடுவதை இந்த நாட்டுச் சட்டமும் இலேசில் விடாது. பேர்சியால் எலி வளர்க்கவும் முடியாது, கொல்லவும் முடியாது. ஆகவே செல்லப்பிராணிக் கடையில் உறைந்த எலி வாங்கி வந்து, பிறீசரில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தான். நம்முடைய வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாக ஒருவரும் கண்டதில்லை. பாரை மீனுக்கும் இறாலுக்கும் நடுவில் எலியும் போய் இருந்தது.

முதல் எலியை றோசா பார்க்கவேயில்லை. நீண்ட இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டினான். நாக்கை ஒருதரம் நீட்டியது, தலையைத் திருப்பிக்கொண்டு மரப்பட்டைக்குக் கீழே போய்விட்டது. அடுத்த கிழமையும் அதேதான். அதற்கு அடுத்த கிழமை எலியை இன்னும் சூடாக்கிப் பார்த்தான். இருட்டில் வைத்துப் பார்த்தான். றோசாவின் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே துணி போட்டு மூடி, வீட்டில் ஒருவரும் நடமாடாமல் பார்த்தான். காலையில் எலி வைத்தபடியே கிடந்தது.

விபூதிப் புதனும் வந்தது. பெர்னடெற் நெற்றியில் சாம்பலோடு கோவிலால் வந்தவள் பெட்டிப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"என்னவாம் உங்கட மருமகள்?"

"சாப்பிடேல்லை."

"நல்ல கத்தோலிக்கப் பாம்புதான். தவக்காலத்துக்கு முதலே தொடங்கிட்டுது. உங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமையில இறைச்சி மணக்குது."

பேர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. றோசாவின் முதுகெலும்பு மெல்லிய வரப்புப் போலத் தெரியத் தொடங்கியிருந்தது. கையில் எடுத்தால் முன்பிருந்த பாரம் இல்லை. றோஷினிக்கு ஃபோன் எடுத்தான். அவள் எங்கெங்கோ தேடிப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, சூடாக்கிக் குடுங்கோ, பின்னேரத்தில குடுங்கோ, ஆட்டிக் காட்டுங்கோ."

"எல்லாம் செய்தாச்சு மகள்."

"அப்ப சுட்டர் ஓபாவிட்டைக் கேளுங்கோவன். அவருக்குத் தெரியாததோ?"

அதுதான் முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பேர்சி ஆற்றைக் கடந்து போய்க் கிழவரைப் பார்ப்பான். கதவால் உள்ளே தலை தெரிந்த உடனே கிழவர் கேட்பது ஒன்றுதான். "றோசா சாப்பிடுதோ?"

முதல் ஞாயிறு "ஓம், சாப்பிடுது" என்று வாயில் வந்துவிட்டது. இன்னும் ஒருதரம் பார்ப்போம் என்ற நினைப்புத்தான். இரண்டாம் ஞாயிறு அதை மாற்ற முடியவில்லை. மூன்றாம் ஞாயிறு கிழவர், "எத்தினை எலி?" என்று கேட்டார். "ஒண்டு, சில நேரம் ரெண்டு," என்றான். வெளியே வந்தபோது, பூசையில் நற்கருணை வாங்கின வாயால் இதைச் சொல்லிவிட்டேனே என்று வழி முழுக்க மனம் எரிந்தது. உண்மையைச் சொன்னால் பாம்பு காப்பகத்துக்குப் போகும். கிழவருக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அதுதான் என்று பேர்சிக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் பாம்பு சாகும்.

கடைசியில் ஒரு நாள் றோசாவை எடுத்து வீட்டுத் தராசு ஒன்றில் வைத்துப் பார்த்தான். நினைத்ததிலும் குறைவு. பிறகு சட்டையை மாட்டினான்.

"இண்டைக்கு ஞாயிறில்லையே, எங்க போறியள்?" என்றாள் பெர்னடெற்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு."

சுட்டர் ஜன்னலோரம் இருந்தார். பேர்சி உட்காரவில்லை. "ஹெர் சுட்டர், நான் பொய் சொன்னனான். றோசா என்ர வீட்டுக்கு வந்த நாளில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

கிழவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒருநாளும் இல்லையோ?"

"ஒருநாளும் இல்லை."

"இரு," என்றார். கோபமா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை. "தொடக்கத்தில இருந்து சொல்லு. பிறீசரைத் திறந்து எலியை எடுக்கிறாய். பிறகு?"

"இரவு பிறிட்ஜில வைச்சு உருக விடுவன்."

"சரி. பிறகு?"

"பிறகு கழுவுவன். பிறகு துடைச்சு, சூடாக்கி…"

"நில். கழுவுறதோ?"

"ஓம். கழுவாமல் எப்பிடிக் குடுக்கிறது?"

"என்னத்தாலை கழுவுறாய்?"

பேர்சிக்குக் கேள்வியே விளங்கவில்லை. மீனோ, இறைச்சியோ, வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வார்கள்? "முதல் தண்ணியில. பிறகு உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசைஞ்சு, தேசிக்காயைப் பிழிஞ்சு புளி விட்டு, திரும்ப ரெண்டு தண்ணியில. வெடுக்கு மணம் ஒரு துளியும் இருக்காது."

கிழவரின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்துப் பேர்சி தண்ணீரை எடுத்தான். அது சிரிப்பு. கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"அட மனிசா! பாம்பு கண்ணாலை பார்த்தோ சாப்பிடுது? நாக்காலை மணம் பிடிச்சுத்தான் இது எலி எண்டு அறியுது. நீ எலியைக் குழாயடியில விட்டிட்டு, வால் முளைச்ச தேசிக்காயைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாய்!"

பேர்சி நாற்காலியில் இருந்துவிட்டான். சூடாக்குவது, இருட்டு, இடுக்கி என்று எல்லோரும் சொன்னார்கள். கழுவுவதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூச்சு விடுகிறேன் என்று யாராவது சொல்வார்களா?

"உருகின பிறகு அப்பிடியே ஒரு பைக்குள்ள கட்டி, பையோட சுடுதண்ணியில வை," என்றார் கிழவர். "ஈரம் படக்கூடாது. ஒண்டும் பூசக்கூடாது. இந்தக் கிழமையும் சாப்பிடாட்டில் காப்பகத்துக்கு நானே ஃபோன் பண்ணுவன். இந்தமுறை உன்னைக் கேட்க மாட்டன்."

சொன்னது சுலபம். அடுத்த நாள் எலியை உருக விட்டுக் கையில் எடுத்தான். வேறு எதையோ யோசித்தபடி நின்றவனுக்கு, குழாய்ச் சத்தம் கேட்டபோதுதான் நினைவு வந்தது. எலி முழுக்க நனைந்துவிட்டது. அதை எறிந்துவிட்டு இன்னொன்றை உருக வைத்தான்.

பெர்னடெற்றிடம் விஷயத்தைச் சொன்னான். அவளுக்கு இது பாம்பைவிடப் பெரிய அருவருப்பு. "கழுவாத இறைச்சியோ? என்ர குசினியிலயோ?" என்று கத்தினாள். ஆனால் மற்ற நாள் பின்னேரம் அவன் பிறிட்ஜைத் திறந்தபோது, வந்து குழாயை மறைத்துக்கொண்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பியபடி நின்றாள்.

"விலகும், கையைக் கழுவ வேணும்."

"கையை எடுங்கோ! பாம்பு சாப்பிட்ட பிறகு கழுவலாம். உங்களை எனக்குத் தெரியாதோ?"

பையோடு சுடவைத்தான். பையைத் திறந்ததும் ஒரு வெடுக்கு எழும்பியது. பேர்சிக்கு அதை இன்னொரு உயிருக்குச் சாப்பாடு என்று நீட்டக் கூச்சமாக இருந்தது. இடுக்கியில் பிடித்துப் பெட்டிக்குள் விட்டான்.

றோசாவின் தலை மரப்பட்டைக்கு வெளியே வந்தது. நாக்கு ஒருதரம், இருதரம், பிறகு ஓயாமல். கழுத்து மெல்ல வளைந்தது. பேர்சி இடுக்கியை அசைக்காமல் பிடித்தான். அடுத்த கணம் இடுக்கி கையில் வெட்டி இழுத்தது. பார்த்தபோது எலியைச் சுற்றி இரண்டு சுருள் விழுந்திருந்தது.

"பெர்னா! பிடிச்சிட்டுது! இஞ்ச வந்து பாரும்!"

"நான் பாக்க மாட்டன் எண்டெல்லோ சொன்னனான்," என்றாள் குசினிக்குள் இருந்து. பிறகு கதவடிக்கு வந்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தலை போய், வயிறு போய், பின்னங்கால்கள் போகும் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யேசுவே, அந்தச் சின்ன வாயாலயோ?" என்றாள் ஒருதரம்.

பேர்சி அப்போதே சுட்டருக்கு ஃபோன் எடுத்தான். "ஹெர் சுட்டர், றோசா சாப்பிட்டிட்டுது!"

"மூண்டு ஞாயிறும் இதைத்தானே சொன்னாய்," என்றார் கிழவர்.

அவர் சொன்னது சரிதான். பேர்சி ஃபோனைப் பிடித்தபடி நின்றான்.

பெர்னடெற் அதைக் கையில் இருந்து பறித்தாள். இத்தனை வருடத்திலும் அவளுடைய டொச்சு கடை வாசலைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நான் பெர்னடெற். நான் பார்த்தது. முழு எலி. கழுவேல்லை." பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பொறுங்கோ, வால் இன்னும் வெளியில… இப்ப வாலும் போயிட்டுது."

"சரி," என்றார் சுட்டர். "நீ சொன்னால் சரி. அப்ப அது உங்களோடயே இருக்கட்டும்."