காதுக் கருவியில் கேட்ட குரல்

இதை நான் வெளியே சொல்வது தெரிந்தால் அக்கா என்னை வீட்டுப் படி ஏற விடமாட்டாள். நடந்தது அவள் புருஷனுக்கு. அத்தானைப் பதினாறு வருஷமாகத் தெரியும். பொய் சொல்லக்கூடிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு வியாழக்கிழமைதான்.

அத்தான் தலைநகரில் சுற்றுலா வழிகாட்டி. பழைய நாடாளுமன்றம், நாணயச்சாலை, போர் நினைவிடம், கடைசியில் மணிக்கூண்டு. தினமும் அதே பாதை, அதே ஜோக்குகள். சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக். பயணிகள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. அவர் முணுமுணுத்தால்கூட எல்லாருக்கும் கேட்கும்.

அன்று நல்ல வெயில். காலை 9.40-க்கு இருபத்திரண்டு பேரோடு கிளம்பினார்.

9.55. நாடாளுமன்றப் படிக்கட்டு. "இந்த வாசல்ல உள்ளே போன வாக்குறுதி ஒண்ணுகூட இன்னும் வெளியே வரலைங்க!" எப்போதும் கைதட்டல் வாங்கும் ஜோக். அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

10.20. நாணயச்சாலை. "வலது பக்கம் பாருங்க" என்றார். இருபத்திரண்டு தலைகளும் இடது பக்கம் திரும்பின. ஒரே நேரத்தில். அங்கே கூரைகளுக்கு மேலே மணிக்கூண்டு மட்டும்தான் தெரிந்தது.

மைக்கில் கோளாறு என்று நினைத்தார். தட்டிப் பார்த்தார். டக்... டக்... பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

10.45. நினைவிடம். தொப்பி போட்ட ஒரு பெண்மணி அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் அழுவது புதிதல்ல. ஆனால் அவள் கல்வெட்டைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். காறித் துப்பப்போகிறவளைப் போல.

அதன்பின் கூட்டம் அவருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது. யாரும் வழி கேட்கவில்லை. குறுக்குச் சந்துகூடத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

11.05. மணிக்கூண்டு வாசல். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அத்தானின் அருகில் வந்தார்.

"கம்பி ஆடுதுன்னு எத்தனை நாள் முன்னாடியே தெரியும் சார் உங்களுக்கு?"

அத்தான் அண்ணாந்து மணிக்கூண்டின் உச்சியைப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த மணிக்கூண்டின் உச்சியில் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து, அவரோடு வேலை பார்த்த பெண் வழிகாட்டி விழுந்து செத்தாள். பகல் 11.25. பக்கத்தில் இருந்தவர் அத்தான் ஒருவர்தான். "கம்பி கெட்டியாத்தான் இருந்துச்சு. அவங்கதான் போட்டோவுக்காக அதுமேல ஏறி உட்கார்ந்தாங்க" என்று விசாரணையில் சொன்னார். பழி செத்தவள் தலையில் விழுந்தது. வழக்கு முடிந்தது. அவள் அம்மா மட்டும், "உயரம்னா என் பொண்ணுக்குப் பயம்யா. கம்பியைப் பிடிக்காம நிக்கக்கூட மாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னது உங்களுக்கு?" என்று வாத்தியாரிடம் கேட்டார் அத்தான்.

வாத்தியார் தன் காதுக் கருவியைக் கழற்றி நீட்டினார்.

அத்தான் காதில் வைத்தார்.

விழுந்து செத்தவளின் குரல்தான். பயணிகளிடம் பேசும் அதே கனிவு...

"இப்ப நம்ம சாரும் கேட்டுட்டிருக்கார். எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. அவர் முதல்ல ஏறட்டும்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

இருநூற்றுப் பதினான்கு படிகள். ஓடிவிடத்தான் நினைத்தார். கால்கள் ஏறின. பின்னால் இருபத்திரண்டு பேர். திரும்ப வழியில்லை.

கருவியைக் கழற்றி எறிந்தார். குரல் நிற்கவில்லை. படிகளை எண்ணிக்கொண்டே வந்தது.

"இருநூற்றுப் பன்னிரண்டு... பதிமூன்று..."

உச்சி. மணி 11.25.

முதுகு கம்பியில் இடித்தது. புதிதாகப் போட்ட கனத்த இரும்புக் கம்பி.

க்ரீச்...

ஆடியது.

"சொல்லுங்க சார். மைக் ஆன்லதான் இருக்கு."

"தெரியும்... பத்து நாளாவே தெரியும். எங்க கம்பெனி மேனேஜர்கிட்ட சொன்னேன். சீசன் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னார். அவ ஏறி உட்காரல. சும்மா பிடிச்சுட்டுதான் நின்னா..."

"இன்னும் சத்தமா."

க்ரீச்...

அலறினார்.

"நான் பொய் சொன்னேன்! நான்தான் பொய் சொன்னேன்!"

கம்பி நின்றது.

அவ்வளவுதான் அவருக்கு நினைவு. மயங்கி விழுந்துவிட்டார்.

தெளிந்ததும் என்னை வரச்சொன்னார். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். பயணிகளும் வந்து வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள்.

அதிகாரி அந்தத் தாள்களைப் புரட்டினார். "நீங்க மயங்கின பிறகு காதுக் கருவியில அந்தம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்களாம். இருபத்திரண்டு பேரும் வார்த்தை மாறாம எழுதியிருக்காங்க."

"என்ன சார்?"

"'இவர் முடிச்சுட்டார். இன்னும் ஒருத்தர் வரணும்.'"

அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. உடனே மேனேஜருக்குப் போன் போட்டார். மணி 4.10. எடுத்தது மேனேஜரின் மனைவி.

"அவர் போனை வீட்டிலேயே வச்சுட்டுக் கிளம்பிட்டாருங்க. யாரோ ஒரு பொம்பளை காலையிலேர்ந்து காதுக்குள்ள கூப்பிட்டுட்டே இருக்கான்னு புலம்பினார்..."

"எங்க போனார்?"

"மணிக்கூண்டுக்கு."

அத்தான் எழுந்திருப்பதற்குள் அதிகாரியின் மேஜைத் தொலைபேசி அடித்தது.

4.12.

அதிகாரி எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக வைத்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷம்தான் புதுசா மாட்டினாங்க. நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அந்தக் கம்பி எப்படிய்யா பெயர்ந்துச்சு?"