செல்லக்கனி சிஸ்டர் கேட்ட ஒரு துண்டு புகையிலை

செல்லக்கனி சிஸ்டர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள். தூக்கத்திலேயே... இன்னும் மனசு ஒப்பவில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், நான் கிளார்க். கீழவைப்பார், வேம்பார் பக்கம் வாய்ப் புற்றுநோய் கேம்ப் போவோம். கார்டு எழுதுவது என் வேலை.

கார்டில் இருந்தது ஒரே கேள்வி. பீடி, சிகரெட் உண்டா? உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்கும் "இல்லை". இல்லை என்றால் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

"எந்தப் பொம்பளைலே பீடி குடிக்கா? போயிலைய வாயில அடக்கிக்கிட்டுல்லா உப்பு வாருதாளுவ!" சிஸ்டர் போட்ட சத்தத்தில், ஸ்கேல் வைத்து எல்லா கார்டிலும் இன்னொரு கோடு போட்டேன். புகையிலை.

அதற்கும் "இல்ல" என்றுதான் சொன்னார்கள். வெட்கம்...

சிஸ்டர் கேள்வியையே விட்டுவிட்டார். "ஏளா, வாய் நமநமங்குது. ஒரு துண்டு போயிலை இருந்தா தாயேன்."

கேட்டு யார்தான் இல்லை என்பார்கள்? உடனே சுருக்குப்பை திறக்கும். உடனே டார்ச்சும் எரியும். சிஸ்டர் பாக்குகூட வாயில் போடாதவர்!

வேம்பாரில் கேம்ப் நடந்தது பள்ளிக்கூடத்தில். அங்கே என் அம்மா டீச்சர்; டீச்சர்களுக்கும் கார்டு போட்டோம். அம்மா ரகசியமாகப் புகையிலை போடுவது எனக்குத் தெரியும். மானம் போய்விடுமே என்று, கேட்காமலே அம்மா கார்டில் "இல்லை" எழுதினேன்.

சிஸ்டர் கார்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், ஒரு துண்டு இருக்குமா?"

அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். மற்ற டீச்சர்கள் எல்லோரும் பார்க்க...

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கன்னத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைப் படலம். "இன்னும் முத்தல டீச்சர், பயப்பட வேண்டாம்." மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சிஸ்டர்தான். நான் பின் சீட்டில், அவரோடு ஒரு வார்த்தை பேசாமல்.

திரும்பி வந்ததும் அந்த கார்டை என்னிடம் நீட்டினார். "நீயே திருத்துலே." அடித்து "உண்டு" என்று எழுதும்போது அழுதுவிட்டேன்.

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அ, ஆ எழுதப் பழக்கியது அம்மாதான்.

மன்னிப்பு மட்டும் நான் கேட்டதே இல்லை... மன்னிச்சிருங்க சிஸ்டர்.

நாளை மூன்று மணிக்கு அடக்கம்.

மேலே அம்மாவைப் பார்த்தால் ஒரு துண்டு கேட்டுப் பாருங்க. இருக்காது.