கீறல் விழுந்த கேக்கின் படம்

ஒரகடம் ஜங்ஷனில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அவசரக்காரர்கள். ஆதார் நகல், ரெஸ்யூம் என்று நின்றபடியே வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். மெர்சி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் மூன்று வயது ஷாரோன்.

"ரஞ்சனிக்கா, என் கேக்க நெட்ல ஏத்தணும்."

மாத்தூர்க்காரி. செல்போன் கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் காண்ட்ராக்டில் இருந்தவள். லைனின் கடைசியில் நின்று, வருகிற பொருளில் கீறல், விரிசல் இருந்தால் கண்டுபிடித்துக் கழிப்பது அவள் வேலை. குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டு வீட்டிலேயே கேக் செய்ய ஆரம்பித்தாள். நல்ல கைப்பக்குவம். ஆனால் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. காண்ட்ராக்டரோ திரும்ப வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஒன்றாம் தேதிக்குள் ஆர்டர் சூடு பிடிக்காவிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். புருஷன் இளம்பரிதிக்கும் ஷிப்ட் வேலை. இவளும் போனால் ஷாரோனைச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் ஆயாவிடம், அதாவது இவள் மாமியாரிடம், விடவேண்டும்.

"வாரத்துக்கு ஒரு நாள் பாக்கறதுக்காக்கா இத்த பெத்தேன்?" என்று கேட்டாள்.

கூகுள் மேப்பில் கடையை ஏற்றினோம். அவள் மாவுக் கையோடு இருக்கும்போது போனை எடுக்க முடியாதே என்று என் கடை எண்ணையும் சேர்த்தேன். "படத்த நீயே போடு. பாக்கறவனுக்கு நாக்குல எச்சி ஊறணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் நான்கே ஆர்டர். நான்கு பேரும் சர்ச்சில் தெரிந்தவர்கள். சந்தேகம் வந்து பக்கத்தைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நல்ல கேக்கின் படத்துக்குப் பக்கத்திலும் ஒரு கெட்டுப்போன கேக்கின் படம். நடுவில் பிளந்தது, ஓரம் கருகியது, க்ரீம் வழிந்தது. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம். நல்லதன் மேல் பச்சையில் 'ஓகே'. கெட்டதன் மேல் சிவப்பில் 'என்.ஜி.' எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் லைனுக்கு லைன் இப்படி ஒரு போர்டு தொங்கும். கழிக்கவேண்டிய சரக்குக்கு என்.ஜி. என்று பெயர். மகராசி, கேக்குக்கும் அதே போர்டை மாட்டி வைத்திருக்கிறாள்.

வரவழைத்துத் திட்டினேன். "இன்னாடி இது? கருகின கேக்கப் பாத்துட்டு எவன்டி வாங்குவான்?"

"அது வெளிய போவாதுக்கா. எது போவாதுன்னு காட்டினாத்தானே எது போவும்னு தெரியும். என்.ஜி. படம் இல்லாத போர்ட, கம்பெனில தரம் பாக்க வர ஆடிட்ல ஒத்துக்கவே மாட்டாங்க."

"இங்க எவன் ஆடிட்டுக்கு வரான்?"

அவள் கண்முன்னாலேயே அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஷாரோனின் முடியைக் கோதியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது செய்கிறோம் என்ற திமிர் எனக்கு.

மறுநாள் மதியம் கடை எண்ணுக்கு ஒரு அழைப்பு. சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். "கேக்கு கடையாம்மா? ஒடஞ்ச கேக்கு படம் போட்டிருந்தியளே, நேத்து பாத்தேன். இன்னிக்கு வீட்டுக்காரிட்ட காட்டலாம்னா காணல."

தவறுதலாகப் போட்டது, எடுத்துவிட்டோம் என்று வழிந்தேன்.

"அத எதுக்கும்மா எடுத்திய?" என்றார். மகள் தங்கமாரி ஒரகடத்தை அடுத்த வல்லத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாளாம். வெள்ளிக்கிழமை பிறந்தநாள். வீட்டை விட்டு வந்தபின் முதல் பிறந்தநாள். "நாங்க அந்த ஊரயே பாத்ததில்ல. நல்லதா குடுப்பாவளான்னு யார்ட்ட போய்க் கேக்க? எல்லாக் கடையும் நல்லதத்தான் காட்டுது. இத குடுக்க மாட்டேன்னு வட்டம் போட்டுச் சொன்னது நீங்க மட்டுந்தான். எம்மவளுக்கு அங்கதான் வாங்கணும்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கடையைப் பாதி சாத்திவிட்டு மாத்தூருக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப திரும்பப் போட்டுடுக்கா" என்று மட்டும் சொன்னாள். ஒரு கேலிச் சிரிப்பாவது சிரித்திருக்கலாம். அவள் போனிலிருந்து எல்லாப் படத்தையும் திரும்ப ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை தங்கமாரிக்காகச் செய்த கேக்கில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்று செய்தாள். நான் ஸ்கூட்டி ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஹாஸ்டல் வாசலில், கம்பெனி பஸ் வருவதற்கு முன் கேக் வெட்டினார்கள். வீடியோ காலில் அப்பா. அந்தப் பெண் முதல் துண்டைப் போனில் தெரிந்த அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவரும் அங்கே வாயைத் திறந்தார். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக மெர்சியின் பக்கத்தைத் தங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க தென்காசியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு கல்யாணமான அண்ணன் என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். என் ஜெராக்ஸ் வேலைதான் கெட்டது.

ஒன்றாம் தேதி காலை மெர்சி என் கடையில் இருந்தபோது காண்ட்ராக்டர் கூப்பிட்டார். "இல்ல சார், நான் வரல" என்றாள். போனை வைத்த கையோடு ஷாரோனை இழுத்து, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்ப நான் ஆயா வூட்டுக்குப் போவ வாணாமா?" என்று கேட்டது. இத்தனை நாளும் அதற்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.