அண்ணா கூட்டிப்போன வியட்நாம் கடை

டொரொன்டோவுக்கு நாங்கள் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறையில். ஜெர்மனியில் எங்களுக்குப் பயணப் பத்திரம் கிடைத்ததும் நான் கேட்ட முதல் பயணம் அதுதான். அண்ணாவைப் பிரிந்து பல வருடங்களாகியிருந்தன. போர் அவனைக் கனடாவிலும் என்னை ஜெர்மனியிலும் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே நான் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் அவர் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் அள்ள விடாத சாதி. செய்தி தெரிந்ததும் அம்மா எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அண்ணா மட்டும் தொலைபேசி எடுப்பான். "உதெல்லாம் பழைய காலத்துக் கதை, நீ யோசியாதை" என்பான். அந்தச் சொல்லை நம்பித்தான் விமானம் ஏறினோம்.

விமான நிலையத்துக்கு அவன் தனியாக வந்திருந்தான். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். என் கணவருக்குக் கை கொடுத்தான். காரில் ஏறிய பிறகு, "வீட்டிலை இடம் காணாது தங்கச்சி. மாமாவும் மாமியும் எங்களோடைதான் இருக்கினம்" என்றான். மாமா என்றது அண்ணியின் அப்பாவை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மிசிசாகாவில் என் கணவரின் பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அங்கே தங்கினோம்.

மறுநாள் மத்தியானம் அண்ணா வந்து ஏற்றிக்கொண்டு போனான். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிய சொக்லேற் பையை மடியில் வைத்துக்கொண்டு, மோர்னிங்சைட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன். கார் ஒரு பிளாசாவில் நின்றது. உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில் சின்னதாக ஒரு வியட்நாம் சாப்பாட்டுக்கடை.

"முதல்லை சாப்பிடுவம். இப்பிடி ஒரு சாப்பாடு உங்கை ஜெர்மனியிலை கிடையாது" என்றான்.

என் கணவரின் முகம் மலர்ந்தது. அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்த வியட்நாம்காரர் ஒருவர் ஹுவே என்ற தன் ஊரின் நூடில்ஸைப் பற்றியே எந்நேரமும் பேசுவாராம். அந்தப் பெயரை மெனுவில் கண்டதும் என் கணவர் விரலை வைத்துவிட்டார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு, வாய்க்கு முன்னால் கையை விசிறிக் காட்டினாள். வடக்கில் உறைப்பே இல்லை, தெற்கில் இனிப்பு, நடுவில் இருக்கிற ஹுவேயில்தான் நெருப்பு என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

அது வந்தது. புழு மாதிரித் தடித்த வெள்ளை நூடில்ஸ், மேலே சிவப்பாக மிளகாய் எண்ணெய், எலுமிச்சம்புல் வாசனை, அடியில் எங்கள் கருவாட்டுக் குழம்பை ஞாபகப்படுத்தும் இறால் விழுதின் நாற்றம். எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தோம். அண்ணாவும் மாட்டிறைச்சி போட்டதைத்தான் எடுத்தான். "மாமாவையள் மாடு தொடமாட்டினம். வீட்டிலை சொல்லிப்போடாதை" என்று கண் சிமிட்டினான். எழும்பும்போது தட்டில் மிஞ்சிக் கிடந்த புதினா இலைகளை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டான்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். வேலைக்குப் போகவேண்டுமாம். சொக்லேற் பையை வாங்கி, "நான் குடுக்கிறன்" என்று பின்சீற்றில் வைத்தான். எங்களைச் சுரங்க ரயிலடியில் இறக்கிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கடை. இந்த முறை குவாங் பகுதி நூடில்ஸ். மஞ்சள் போட்டு அவித்த அகலமான நூடில்ஸில் குழம்பு அடியில் கொஞ்சம்தான். மேலே கச்சான் கடலை தூவி, எள்ளுப் போட்ட அரிசி அப்பளத்தை நொறுக்கிப் போட்டிருந்தது. என் கணவர் அண்ணாவிடம் ஊர்க்கதை கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார். அண்ணா மரியாதையாகப் பதில் சொன்னான். ஆனால் ஒரு தடவைகூட 'மச்சான்' என்று கூப்பிடவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் உறுத்தத் தொடங்கியது.

மூன்றாம் முறை தெற்குப் பக்கத்து நூடில்ஸ் வந்தது. தெளிந்த பன்றி எலும்பு சூப் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"அண்ணா, எப்ப எங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போறாய்?"

"நீ எப்பவும் வரலாம். இப்பவே வா."

"நாங்கள் ரெண்டு பேரும்?"

அவன் நூடில்ஸைக் குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒண்டுமில்லைத் தங்கச்சி. நான் இஞ்சை உங்களோடை ஒரே மேசையிலை இருந்து சாப்பிடேல்லையோ? மாமாதான். வயசு போன மனுசன், நெஞ்சு வருத்தக்காரன். ஏன் வீண் பிரச்சினை?"

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் அங்கே இல்லாததுபோலத்தான் அண்ணா பேசினான்.

"இஞ்சை மாடு திண்டிட்டு, புதினாவைச் சப்பிக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளை போறாய். அது தீட்டில்லையோ?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"சத்தம் போடாதை. அங்காலை எங்கடை ஆக்கள் இருக்கினம்."

"சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றார் என் கணவர். அண்ணாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்றைக்கு அண்ணாவின் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, "உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"எயார்போட்டிலையே விளங்கிட்டுது. கை குடுக்கேக்கை தெரிஞ்சது."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் அவ்வளவு சந்தோசமா இருந்தனீர்."

நாங்கள் திரும்பும் நாளில் அண்ணா விமான நிலையத்துக்கு வந்தான். கையில் மூடி போட்ட அலுமினியத் தட்டு. "அண்ணி இடியப்பமும் நண்டுக்கறியும் சமைச்சுத் தந்தவ. தட்டைத் திருப்பித் தரத் தேவையில்லை, எறியிறதுதான்" என்றான். எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குச் குடித்ததும் எறிந்துவிடும் சிரட்டையில் தேநீர் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவன் என்ன சொல்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. தட்டு இன்னும் சூடாக இருந்தது. அதை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அவன் தொலைபேசி எடுத்தான். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், மண்டபம் எடுத்துப் பெரிதாகச் சாமத்தியச் சடங்கு செய்கிறானாம். "நீ மாமி, நீ நிக்கவேணும். ரிக்கற் நான் போடுறன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ மட்டும் வா, என்ன?" என்றான்.

என் கணவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "போட்டு வாருமன். என்னாலை நீர் போகாமல் விட வேண்டாம்" என்றார். அந்தப் பொறுமைதான் எனக்கு அண்ணாவின் சொல்லைவிடக் கசந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். "உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்று அவர் மேல்தான் பாய்ந்தேன். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். நான் போகவில்லை. அண்ணா அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவும் இல்லை.