தம்புசாமி தூக்கிய கை

தம்புசாமி பந்தைப் பார்க்கமாட்டார். ஆட்டம் தொடங்கியதும் கூட்டமெல்லாம் பந்தின் பின்னால் கழுத்தைத் திருப்பும். அவர் மட்டும் எங்கள் மேரு ரோவர்ஸ் கால்பந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் நான்கு பேரைப் பார்த்தபடி வேலிக்கு உள்ளே, கோட்டோரமாக நடந்துகொண்டிருப்பார். அவர்கள் நாலடி முன்னேறினால் இவரும் நாலடி. பின்வாங்கினால் இவரும்.

கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். வயது ஐம்பத்தாறு. முட்டி போவதற்கு முன் இதே அணிக்குப் பின்வரிசையில் ஆடியவர். விட்டுப் பதினான்கு வருடமாகியும் உடம்பு இன்னும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் இரண்டு வாசலும் தெரிகிற நாற்காலி தேடி மூன்று முறை இடம் மாறுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னல்வரை போய்வருவார். "யாரும் கோல் போட வரல, உக்காந்து சாப்பிடுங்க" என்பார் மனைவி சீதாலெட்சுமி.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் அணியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புவார். கோல் போட்டவனைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பின்வரிசை நால்வர் மட்டும்தான். அது வராமல் பயிற்சியாளர் சின்னையா அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே நானும் இருப்பதால் அவர் காரில்தான் போய்வருகிறேன். அந்தப் பதிவை எல்லோருக்கும் முன்பே கேட்டுவிடுவேன்.

"தனேஷ், வலது பக்கம் ஏறிப் போறது நல்லாருக்கு. திரும்பி வரத்தான் கிராப் டாக்சி புக் பண்ணணும் போல. ராஜன், தலைக்கு வர்ற பந்து ஒண்ணு விடல. ஆனா நீ திரும்புறதுக்குள்ள லோரி ரிவர்ஸ் எடுத்துரும். ரஞ்சன், வாயாலயே ஆளை மறிக்கிறே, காலையும் கொஞ்சம் யூஸ் பண்ணு லா. ஜீவன், சொன்னா கேக்குறே. இன்னும் ரெண்டடி உள்ள நில்லு."

இடது பக்கம் ஆடும் ஜீவனுக்குச் சொன்னதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு. ஸ்ரீ கெம்பாங்கானில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் கிள்ளான்வரை பயிற்சிக்கு வருகிறவன் அவன்.

போன ஞாயிறு, இரண்டு ஆட்டம் கொண்ட அரையிறுதியில் முதல் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று, முடிய ஐந்து நிமிடம். நாங்கள் நின்றது ஜீவன் ஆடும் பக்கம். கொடி பிடிக்கும் நடுவர் திடலின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். எதிரணிக்காரன் ஒருவன் ஜீவனைத் தாண்டி ஓட, பின்வரிசைக்கு நேராக நின்ற தம்புசாமி, பந்து உதைபடும் முன்பே அவன் தாண்டிவிட்டான், ஆஃப்சைடு என்று வலது கையை உயரத் தூக்கினார். ஜீவன் கண்ணோரத்தில் அந்தக் கையைப் பார்த்தான். நின்றான். தானும் கை தூக்கினான். எதிர்ப்பக்கம் கொடி எழவே இல்லை. ஓடியவன் நிதானமாகக் கோல் போட்டான்.

தோற்றபின் சின்னையா கோட்டோரம் வந்தார்.

"பாத்தீங்களாண்ணே? பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறான். ரெண்டாவது ஆட்டத்துக்கு அவன உக்கார வைக்கப் போறேன். எதுக்கும் உங்க வாய்ஸ் வரட்டும்."

அந்த ஆட்டத்துக்காக ஜீவன் ஏற்கெனவே ஷிப்ட் மாற்றி வைத்திருந்தான். காலுறையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். தம்புசாமி சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தேடினார்.

காரில் ஏறி, "தனேஷ்" என்று தொடங்கி அழித்தார். மறுபடி தொடங்கி மறுபடி அழித்தார். வண்டியை எடுத்தார். வட்டச்சாலையில் எங்கள் திருப்பத்தை விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றினார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அங்கிள்."

"பந்தையா, என் கையையா?"

"கையை."

அடுத்த சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார்.

"சொன்னா சின்னையா என்னை வேலிக்கு வெளிய நிக்க வச்சிருவான். அங்கேர்ந்து லைன் தெரியாது." விளக்கு பச்சையானது. "சொல்லலன்னா அந்தப் பையன் வெளிய."

பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இறங்கினார். எண்ணெய் போடவில்லை. காரைச் சுற்றி நடந்துகொண்டே பதிவு செய்தார்.

"மத்த மூணு பேரப் பத்தி இன்னிக்கு ஒண்ணும் இல்ல. ஜீவன் நின்னது என்னால. நான் கை தூக்குனேன், அதப் பாத்து நின்னுட்டான். எனக்குத்தான் லைன் தப்பாத் தெரிஞ்சிருக்கு. சின்னையா, அவன உக்கார வைக்காத. வைக்கணும்னா என்னை வை."

உடனே அனுப்பிவிட்டார். கேட்டுப் பார்க்கக்கூட இல்லை.

இரண்டு நிமிடத்தில் சின்னையாவின் பதில் வந்தது. "சரிண்ணே. ஜீவன் ஆடுறான். நீங்க வேலிக்கு அந்தப் பக்கம்."

தம்புசாமி அதை எனக்குக் காட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நடைதான் வேகமானது. அப்போது ஜீவன் அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், நீங்க அப்படிச் சொல்லிருக்க வேணாம். விசில் வராம நான் நின்னிருக்கக் கூடாது லா. என் தப்புதான்."

"ஆமா, உன் தப்புதான்" என்றார் தம்புசாமி, ஒரு கணமும் யோசிக்காமல். "எவன் கை தூக்குனா உனக்கென்ன? அப்புறம் முதல் பாதியில நீ அவனுக்கு அவ்வளவு இடம் விட்டே பாரு, அதுக்கு யாரு கை தூக்குனா? சொல்லு..."

பின்னால் எண்ணெய்க்குக் காத்திருந்தவர் ஹார்ன் அடித்தார். தம்புசாமி பேசிக்கொண்டே டயருக்குக் காற்றடிக்கும் இடம்வரை போய்விட்டிருந்தார். வண்டியை நான்தான் நகர்த்தினேன்.