மொதல்ல நீங்க புடிங்க

மந்தைவெளி அனந்தராமன் எதையும் புதியது என்று ஒப்புக்கொண்டவர் அல்ல. தொலைபேசி இலாகாவில் மேலதிகாரி எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், "இது முன்னாடியே இருக்கே சார்" என்று சொல்லிச் சொல்லியே பதவி உயர்வு இல்லாமல் ஓய்வு பெற்றார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் தெருவே லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தது. எதிர்வீட்டு லாசர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பகைவனையும் நேசிக்கச் சொன்ன முதல் ஆள் ஏசுநாதர்தான் என்று ஒருநாள் வரிசையில் யாரிடமோ சொல்லிவிட்டார். பின்னால் நின்ற அனந்தராமனுக்குப் பொறுக்கவில்லை. புத்தர் ஐந்நூறு வருஷம் முன்பே சொல்லிவிட்டார், சீனாவிலும் ஒருவர் சொல்லியிருக்கிறார், அண்டை வீட்டானை நேசிக்கும் விஷயம் யூதர்களிடம் முன்பே இருந்தது, உங்களவர் திரட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான் என்றார்.

"சொன்னவங்க ஆயிரம் பேர் இருக்கட்டும் சார். செஞ்சது யாரு?" என்றார் லாசர்.

பேச்சு தடித்தது. இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

அடுத்த லாரி வந்தபோது, தன் முறை வந்ததும் லாசர் ஒதுங்கி நின்றார். "மொதல்ல நீங்க புடிங்க சார். இப்ப நீங்க நமக்கு எதிரி."

குழாயடியில் குடத்தை வைத்தால் தோற்றுப்போவோம் என்பது அனந்தராமனுக்கு உடனே உறைத்தது. "நீங்க பிடிங்கோ. இதை உங்களுக்கு முன்னாடியே சொல்லியாச்சு."

"அதான் சார். முன்னாடி சொன்னவங்க முன்னாடி புடிங்க."

இருவரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். பின்னால் இருந்த ஹாஜிரா பீ சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் குடத்தை மெல்லக் குழாயடியில் நகர்த்தினாள். மற்றவர்களும் நகர்த்தினார்கள். லாரி காலியாகிப் போய்விட்டது.

வெறும் குடத்தோடு வீடு வந்த அனந்தராமனை மனைவி ஜலஜா ஏற இறங்கப் பார்த்தாள். "யார் மொதல்ல சொன்னான்னு தெரிஞ்சுண்டாச்சோல்லியோ? ரசத்துக்கு அதையே விட்டுடட்டுமா?"

அவர் திருந்தவில்லை. லாசரும் திருந்தவில்லை. லாரி வரும்போதெல்லாம் இதே உபசாரம். அவர்களுக்குப் பின்னால் நின்றால் கூடுதலாக ஒரு குடம் கிடைக்கும் என்று தெரு கண்டுகொண்டது. அந்த இடத்துக்குத் தள்ளுமுள்ளு வந்து, ஒருநாள் அடிதடியாகி, ஹாஜிரா பீயின் குடம் உடைந்தது. போலீஸ்காரர் நாகராஜ் வந்து, சண்டையை ஆரம்பித்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் லாசர்.

"இல்லை, அவருக்கு முன்னாடியே நான்தான்," என்றார் அனந்தராமன்.

அடித்துக்கொண்டவர்களை விட்டுவிட்டு, அடிக்காத இவர்கள் இருவரும் இனி லாரிப் பக்கமே வரக்கூடாது என்று நாகராஜ் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் ஜலஜாவும் லாசரின் மனைவி ஜெசிந்தாவும் குடத்தோடு போனார்கள். போனதும், முதலில் பிடிக்க ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினார்கள். இரண்டு வீட்டிலும் அண்டா நிறைந்தது. அனந்தராமன் அன்று தலைக்குக் குளித்தார். தண்ணீர் எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.