புறங்கையால் தொட்ட ஏரி

எங்கள் தெருவில் இரும்பு எதையும் உள்ளங்கையால் தொடமாட்டோம். கேட், மோட்டார், கம்பம் எதுவானாலும் முதலில் புறங்கைதான். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கை என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டுவிடும். என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். கொரட்டூர் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த மழையில், வழுக்கியவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்தார். யாரும் அவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் என் முகம் பார்த்துப் பேசியதில்லை.

அந்தத் தெருவுக்குத்தான் ஓவியம் வரைகிற பெண் ஒருத்தி பெரிய பலகையைக் கொண்டுவந்து ரேஷன் கடைச் சுவரில் மாட்டினாள். அதில் எங்கள் ஏரி. இரண்டு ஓரத்திலும் தகரத்தில் வெட்டிய கைகள். ஆளுக்கொரு தகரத்தை இரண்டு பேர் தொட்டு, நடுவில் மற்றவர்கள் கைகோத்து நின்றால் ஏரிக்குள் விளக்கு எரியுமாம்.

யாரும் அசையவில்லை.

"ஏம்மா, அத்தத் தொட்டா நேரா மேலதான?" என்றார் இஸ்திரி வண்டிக்காரர்.

"பேட்டரிதாண்ணா. கடிகாரத்துல போடுறதுதான்."

"கம்பத்துலயும் கரன்ட் இல்லன்னுதாம்மா சொன்னானுங்க."

அதற்குள் என் மகள் என் கையை உதறிவிட்டுப் போனாள். "தொடாதடீ!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே புறங்கையைத் தகரத்தில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"பொண்ணே நிக்குது, நமக்கு இன்னா?" என்று பக்கத்து வீட்டு அக்கா போனாள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கைகோக்கச் சொன்னால் யார் கேட்டார்கள்? புறங்கையோடு புறங்கையை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசி ஆள் இஸ்திரிக்காரர். அடுத்த தகரத்துக்கு அவர் கை எட்டவில்லை.

"நீயும் வாம்மா," என்றார், தரையைப் பார்த்தபடி.

போனேன். ஒரு புறங்கையை அவர் புறங்கையோடு ஒட்டி, மற்றதைத் தகரத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் போன அன்றைக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். விளக்கு எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். மழை வந்துவிட்டது. முதல் நாளே என் மகள் நனைந்த கேட்டை உள்ளங்கையால் பிடித்துத் திறந்தாள்.

"ஒண்ணும் ஆவலியேம்மா," என்றாள்.

இப்போதெல்லாம் அவள் பள்ளிக்குக் கிளம்பினால் நான் முன்னால் நடக்கிறேன். கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிடுகிறேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரர் நிற்கிறார். அவள் கம்பத்தைத் தாண்டிப் போகும்வரை அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை.